முனிரத்தினம் வீட்டுக்கு வந்த வெள்ளைப் புடவை

பிள்ளைப்பாக்கத்து முனிரத்தினம் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கல்யாணத்தில் கரகரப்பில்லாமல் பாட்டுக் கேட்டாலும் அது அவர் செட் என்று சொல்லிவிடலாம். தாலுகா ஆபீஸிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, என் வால்வு ரேடியோவைப் பழுது பார்க்க வந்த வகையில் எங்களுக்குப் பழக்கம்.

தகப்பனார் இறந்தபோது முனிரத்தினத்துக்குப் பதினேழு வயது, தம்பி இளம்பரிதிக்கு ஐந்து. தம்பியைச் சென்னையில் இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தார். 1991-ல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு கல்லூரியில் இளம்பரிதிக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கல்லூரிச் சம்பளத்துக்கு உதவித்தொகை உண்டு, பயணத்துக்கு இல்லை. முனிரத்தினம் தன் ஜெனரேட்டரை விற்று விமான டிக்கெட் வாங்கினார். அதன்பின் கல்யாண வீட்டில் கரண்ட் போனால் அவர் செட்டும் சேர்ந்து போகும்.

"இன்னா முனிரத்தினம், தாலி கட்ற நேரத்துல உன் செட்டு ஊமையாயிடிச்சே?" என்று கேலி செய்வார்கள்.

"என் தம்பி லண்டன்ல கீறான்யா. அங்க கரண்டே போவாது" என்பார்.

செப்டம்பரில் தம்பி கிளம்பிய அன்று வீட்டு வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, விடிந்ததிலிருந்து அவரே அறிவித்துக்கொண்டிருந்தார். "நமது ஊர் இளம்பரிதி இன்று மாலை விமானம் மூலம் லண்டன் புறப்படுகிறார் என்பதை..."

"நிறுத்துண்ணா, மானம் போவுது" என்றான் இளம்பரிதி.

"இர்றா. கேக்கட்டும்."

அதற்கு நாலு மாதம் முன்பு, மே மாதம், ஸ்ரீபெரும்புதூர் மைதானத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். முனிரத்தினம் அன்று அங்கே போயிருந்தார். தலைவரைப் பார்க்க அல்ல. என்ன ஆம்பிளிஃபையர் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க. ஒரு குழாய்க் கம்பத்தடியில், கூட்டத்துக்கு வெகு பின்னால் நின்றவர் என்பதால் உயிர் தப்பியது. இடது காது அன்றோடு போயிற்று. குண்டு வெடித்தபோது இளம்பரிதி சென்னையில் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் ஒரு பகல். ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டு வாசலில் வாடகைக் கார் நின்றது. ஆங்கிலம் பேசுகிறவர் வேண்டும் என்று டிரைவர் விசாரித்திருக்கிறார், என்னைக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மாள், எடித் என்று பேர், அறுபது வயதிருக்கும். இளம்பரிதி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவள், பிள்ளைப்பாக்கம் போகவேண்டும் என்றாள். நானும் ஏறிக்கொண்டேன்.

வழியில் அவள் சொன்னாள். அந்த மைதானத்தில் இளம்பரிதி தன் அண்ணனோடு நின்றானாம். அண்ணன் அவன் மடியிலேயே உயிர் விட்டானாம். அவர்கள் சர்ச்சில் இதை அவன் எழுந்து நின்று சொன்னபோது அழாதவர் இல்லையாம். அவனிடம் அவள் வாடகை வாங்குவதில்லை. சர்ச்சுக்காரர்கள் கம்பளிக் கோட்டும் புத்தகங்களும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு தியாகியின் தம்பி என் வீட்டில் இருப்பது எனக்குப் பெருமை" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் நான் வாயைத் திறப்பது சரியில்லை என்று தோன்றியது.

சம்பந்தப்பட்டவர் வாசலில் குந்தி, பிரித்துப் போட்ட குழாய் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு அவர் மனைவி கங்கம்மாள் வெளியே வந்தாள். எடித் அம்மாள் நேரே போய்க் கங்கம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பையிலிருந்து புதிய வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். கோடி என்போம். இளம்பரிதி அதைச் சொல்லியிருக்கிறான். அது பிறந்த வீட்டார் செய்யும் சடங்கு என்பதை மட்டும் விட்டிருக்கிறான்.

கங்கம்மாள் நெருப்பை மிதித்தவள் போலப் பின்வாங்கினாள்.

"இன்னா சார் இது? இந்தம்மா இன்னாத்துக்கு அழுவுது?" என்றார் முனிரத்தினம்.

அவருடைய வலது காதுப் பக்கம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தார். "நானா? எப்ப சார் செத்தேன்? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" சிரிப்பு பாதியில் நின்றது. "யாரு சொன்னதாம்?"

"பரிதிதான்."

"அவன் வாயி வெந்துபோவ!" என்று கங்கம்மாள் தாலியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க சார், குத்துக்கல்லாட்டம் என் புருசன் ஒக்காந்துகினு கீறாருன்னு சொல்லுங்க. ஊட்டி வளத்ததுக்கு எனக்கு வெள்ளப் பொடவ அனுப்பிகிறானே!"

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் யார் என்று முனிரத்தினத்தைக் காட்டிக் கேட்டாள்.

முனிரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சொன்னா இன்னா ஆவும் சார்?"

"வீட்டை விட்டுப் போகச் சொல்வாள். கல்லூரிக்கும் தெரியவரும். படிப்பு நிற்கும்."

"திரும்பி வந்துடுவானா?"

"வரவேண்டியதுதான்."

வேப்பமரத்தைப் பார்த்தார். அவர் குழாய் கட்டிய மரம்.

"பக்கத்து வூட்டுக்காரன்னு சொல்லுங்க."

"யோவ்!" என்றாள் கங்கம்மாள்.

"நீ உள்ள போ."

அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியானால் விதவைக்கு நெற்றியில் பொட்டு எப்படி என்று கேட்டாள் அந்த அம்மாள். அதையும் இளம்பரிதி சொல்லிக் கொடுத்திருந்தான்.

"இந்தக் காலத்துல வெச்சிக்கிறாங்கன்னு சொல்லுங்க" என்றார் முனிரத்தினம்.

கங்கம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். நீட்டிய புடவை நீட்டியபடியே இருந்தது. முனிரத்தினம் போய் அதைத் தானே வாங்கிக்கொண்டார். எடித் அம்மாள் அவர் தோளைத் தொட்டு, இறந்தவரை உங்களுக்கு நன்றாகத் தெரியுமா என்று விசாரித்தாள்.

"ரொம்ப நாள் பழக்கம்னு சொல்லுங்க சார்."

அவள் கைகூப்பிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறினாள். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது அல்லவா.

"அதக் கரீட்டா சொல்லிக் குடுத்துகிறான் பாரு" என்றார் முனிரத்தினம்.

நடந்ததை அப்படியே இளம்பரிதிக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் ஞாயிறு அந்த சர்ச்சில் யாருமே தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தான். எந்த ஊர் என்று ஒருவர் கேட்டபோது ஸ்ரீபெரும்புதூர் என்றான். அத்தனை தலைகளும் திரும்பின. அண்ணன் அங்கே இருந்தார் என்றான். இன்னும் கிட்டே வந்தார்கள். காது போயிற்று என்பது அந்த முகங்களுக்குப் போதாது போலிருந்தது. "அந்த நிமிஷம் நான் பெரிய ஆளாக இருந்தேன். அதை விடமுடியவில்லை. இங்கே தேநீர் கொடுத்தால் நன்றி, கதவைத் திறந்தால் நன்றி. நாள் முழுக்கச் சொல்கிறேன். போட்டுக்கொள்ளும் கோட்டு, படுக்கும் அறை, எல்லாம் செத்த அண்ணனால் வந்தவை. உயிரோடிருக்கும் அண்ணனுக்கு ஒரு தடவையும் சொன்னதில்லை என்பது இங்கே வந்துதான் உறைத்தது" என்று எழுதியிருந்தான். பரீட்சை முடிந்ததும் அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் எழுதியிருந்தான்.

முனிரத்தினத்துக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "நன்றி சொல்லாட்டி போவுது சார். உசுரோட வெச்சிருக்கலாமில்ல?" என்றார்.

கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "நான் மைக்கு வெச்சிக் கத்தினேன். அவன் மைக்கு இல்லாமயே கத்திட்டான்" என்றார்.

பரீட்சை முடிந்தது, பட்டமும் வந்தது. அந்த அம்மாளிடம் அவன் சொல்லவில்லை. வருஷா வருஷம் மே மாதத்தில் கங்கம்மாள் பேருக்கு அவளிடமிருந்து ஆறுதல் அட்டை வந்துகொண்டிருந்தது. கங்கம்மாள் அதை வாங்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

1993-ல் இளம்பரிதி ஊருக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் காலில் விழுந்தான். முனிரத்தினம் காலை இழுத்துக்கொள்ளவில்லை, கையைத் தூக்கி ஆசீர்வதிக்கவும் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, இடது காது அவன் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டார். அவன் என்னென்னவோ பேசினான். அவர் ஒரு மைக்கின் மேலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பேசிப் பேசிக் களைத்தவன், ஆம்பிளிஃபையரை மூடியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தான். ஜரிகை இல்லாத நல்ல வெள்ளைத் துணி, ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது.

"இது இன்னா துணி அண்ணி?" என்றான்.

கங்கம்மாள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை வைக்காமலே சொன்னாள்.

"உங்க அண்ணன் செத்ததுக்கு வந்த கோடி. சாப்புடு."