மண்ணெண்ணெய் முடிய முதல்

"வராத ஆக்கள் ஆர்?" என்றுதான் நீக்கிலாப்பிள்ளை அண்ணை முதலில் கேட்பார். கலியாண வீட்டுக்காரர் வருகிறவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்குவார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்துவார். "வாற ஆக்கள் தங்கடை கண்ணாலை பாப்பினம். எனக்கு வராத ஆக்களைச் சொல்லுங்கோ."

வார நாட்களில் அவர் இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு பக்ரறியில் பிளாஸ்ரிக் மூடிகள் செய்கிறார். சனி, ஞாயிறு என்றால் கலியாண வீடியோ. ஒல்லியான, கழுத்து நீண்ட மனிதர். மண்டபத்துக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பளிக் காலுறையோடு நடப்பார். கால் சத்தம் கசற்றில் விழக்கூடாதாம். வடை கொடுத்தால் தொடமாட்டார். "எண்ணெய்க் கை கமெராவுக்குக் கூடாது" என்று அதைக் கடதாசியில் சுற்றிப் பையின் ஓரத்தில் வைத்துவிட்டு மறந்துபோவார். அந்தப் பை எப்போதும் உழுந்து மணக்கும்.

அவரிடம் இரண்டு கமெராக்கள் இருக்கின்றன. இங்கே வாங்கியதை மச்சான் றொனால்டிடம் கொடுத்துவிடுவார். மற்றது தமையன் இலண்டனிலிருந்து அனுப்பிய பழையது. அதில் எடுத்த கசற் கனடா வீடியோ டெக்கில் ஓடாது, யாழ்ப்பாணத்து டெக்கில் ஓடும். அதை ஊர்க் கமெரா என்பார், வேறு ஒருவரும் தொடக்கூடாது. அந்தக் கசற்றை வெட்டி ஒட்ட அவரிடம் வசதியில்லை. இங்கே எடுக்கிற ஒழுங்குதான் அங்கே பார்க்கிற ஒழுங்கு.

சண்டையால் ஊரில் கரண்ட் இல்லை. ரீவியையும் டெக்கையும் ஒரு பின்னேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓடவிட்டுத்தான் பார்க்கிறார்கள். எண்ணெய் விற்கிற விலையில் ஒருக்கால்தான் பார்க்கலாம், அதுவும் முழுக்க இல்லை. அண்ணை அனுப்பிய முதலாவது கசற்றில் நயாகரா விழுந்தது, பூங்காவில் பூப் பூத்தது, நீளக் கார் வந்து நின்றது. கலியாணப் பொம்பிளை காரிலிருந்து ஒரு காலை வெளியே வைக்க எண்ணெய் முடிந்துவிட்டது. பிறகு ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த ஒருவர், பொம்பிளையின் தாய் கேட்கச் சொன்னதாக ரெலிபோனில் கேட்டாராம்: "எல்லாம் நல்ல வடிவு. பிள்ளைக்குத் தாலி கட்டினதோ?"

இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணை தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். அவருடைய மனைவி செலீன் அக்கா விடமாட்டா. "இவர் ஆரெண்டு நினைக்கிறியள்? மண்ணெண்ணெய் டைரக்டர்!"

அன்றிலிருந்து, கலியாண நாளில் தாலி கட்டும் நேரம்வரை ஊர்க் கமெரா பைக்குள்தான் கிடக்கும். கசற்றில் முதல் வருவது தாலி. பிறகு பொம்பிளையின் முகம். பிறகு ஊர்ச் சனம், ஆறுதலாக, ஒவ்வொரு முகமாக. கேக்கும் காரும் கடைசியில்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ரதியின் கலியாணத்துக்கு மணவறை சோடிக்கப் போயிருந்தேன். அடுத்த நாள் கலியாணம். ரதியின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் பறக்கிற ஒருவரிடம் கசற்றைக் கொடுத்துவிட வேண்டும். மகளின் கலியாணத்தை அந்த அம்மா காண்பதானால் அந்தக் கசற்றில்தான் காணலாம்.

நான் பூக் கட்டிக்கொண்டிருக்க, அண்ணை ரெலிபோனில் ஐயரோடு கதைப்பது கேட்டது. "ஐயா, தாலியை மாப்பிள்ளையின்ரை கையிலை குடுத்திட்டு ஒரு அடி அங்காலை அரக்கி நில்லுங்கோ."

ஐயர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் நீர், எனக்குக் கலியாணம் நடத்தப் பழக்கிறீரோ?"

"கலியாணத்தை நீங்களே நடத்துங்கோ ஐயா. நான் உங்கடை முதுகைத்தானே அரக்கச் சொல்லுறன்."

பிறகு அண்ணை ஒத்திகைக்கு ஊர்க் கமெராவை எடுத்துக்கொண்டு முன்வரிசையின் நடுக்கதிரையில் போய் இருந்தார். எழும்பினார். கதிரையைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்து, திரும்பவும் இருந்தார். ரதி சித்தப்பாவோடு மண்டபம் பார்க்க வந்து வாசலில் நின்றாள். கலியாணத்துக்கு முதல் பொம்பிளை மணவறையில் இருப்பது சரியில்லை என்று அவளைக் கூப்பிடவில்லை. "தங்கச்சி, நீங்கள் ஒருக்கா மணவறையிலை இருங்கோ" என்றார் என்னிடம்.

இருந்தேன். கமெரா என்னைப் பார்க்கிறது என்றதும் தலை தானாகக் குனிந்துவிட்டது.

"பாத்தீரோ ரதி, நீரும் உப்பிடித்தான் குனிவீர். தாய் உச்சியைத்தான் பாப்பா. தாலி ஏறினவுடனை ஒருக்கா நிமிரவேணும்."

"பொம்பிளை நிமிந்து பாத்தால் சனம் என்ன சொல்லும் அண்ணை?"

"சனத்தை ஏன் பாக்கிறீர்? இந்தக் கதிரையைப் பாரும்."

அதற்குள் அவளுடைய சித்தப்பா இராசரத்தினம் கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். அவர்தான் ரதியைக் கனடாவுக்கு எடுத்தவர், அடுத்த நாளுக்கு நீளமான வெள்ளை லிமோக் கார் பிடித்திருந்தவரும் அவர்தான். "நீக்கிலாப்பிள்ளை, நடுக்கதிரை எங்கடை வேலையிடத்து மனேச்சருக்கு. வெள்ளைக்காரன் குடும்பமாய் வாறார்."

"அவையைப் பக்கத்திலை இருத்துங்கோ அண்ணை. இதிலை ஆள் இருக்கு."

"ஆர், நீரோ? வீடியோக்காரனுக்கு முன்சீற்றோ?"

"நான் கமெராவைப் பிடிக்கிற ஆள்தானே. இருக்கிறது உங்கடை அண்ணி."

திறப்புச் சத்தம் நின்றது. இராசரத்தினம் அந்தக் கதிரையைப் பார்த்தார். "அண்ணி ஊரிலை எல்லாற்றை கலியாணத்தையும் குசினியுக்குள்ளை அடுப்போடை நிண்டு எட்டிப் பாத்தவ" என்றார். "நடுவிலையே இருக்கட்டும்."

மனேச்சர் குடும்பத்துக்கென்று வைத்திருந்த கதிரைகளைத் தானே தூக்கி ஓரமாகப் போட்டார். போகும்போது ஆசை விடவில்லை. "எண்டாலும் லிமோவையும் ஒருக்கா..."

"எண்ணெய் மிஞ்சினால் கட்டாயம் அண்ணை."

ரதி சிரித்துவிட்டாள். வாசலில் நின்றபடியே அந்தக் கதிரையைப் பார்த்து ஒருமுறை தலையை நிமிர்த்தினாள். பார்க்கப் பழகிக்கொள்வதுபோல இருந்தது.

அண்ணை ஊர்க் கமெராவைப் பைக்குள் வைத்துப் பூட்டினார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவுவரை நடந்தவர் திரும்பி வந்தார். பொக்கற்றிலிருந்து கைலேஞ்சியை எடுத்து ஒரு உதறு உதறி, ஊர் பஸ்ஸில் யன்னலால் போட்டு இடம் பிடிப்பதுபோல, அந்தக் கதிரையில் விரித்துவைத்துவிட்டுப் போனார்.