ஆண்டியப்பன் கட்டிய வெல்டிங் பெட்டி

ஆண்டியப்பனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவர். மேட்டு லயத்து வீடுகளுக்குப் போகிறவர்கள் மயானத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அவர் மட்டும் குடையைச் சுழற்றிக்கொண்டு நடுவே நடந்து போவார். "செத்தவனுக்கு நம்மகிட்ட என்னடா வேலை?" என்பார்.

அவருடைய கூட்டாளி அழகன், ஸ்டோரின் கரண்டு அறையைப் பார்த்துக்கொண்டவர். வேலை செய்யும்போது வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். என்ன பாட்டு என்று யாருக்கும் பிடிபட்டதில்லை.

அறுபதாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு பிற்பகல், மின்கம்பியில் இடி இறங்கியது. ஸ்டோருக்கு வெளியே நின்ற டிரான்ஸ்போர்மர் வெடித்து, உள்ளே இருந்த எண்ணெய் தீயாகப் பாய்ந்தது. கரண்டை நிறுத்த ஓடிய அழகன் மேல்தான் அது விழுந்தது. கொழுந்து லொறியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆண்டியப்பன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

புது டிரான்ஸ்போர்மர் வந்தது. கருகிப்போனதை விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். யாரோ அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம் ஒன்றை நட்டு வைத்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, கொழுந்து குவிகிற காலத்தில், தேயிலை காயவைக்கும் டிரையரின் அடுப்புத் தகடு பிளந்தது. அட்டனிலிருந்து வெல்டிங் வைத்து ஒட்டுகிற ஆள் வந்து சேர்வதற்குள் கொழுந்து கெட்டுப்போயிற்று. தோட்டத்துக்கென்று ஒரு வெல்டிங் பெட்டி வாங்கலாம் என்றால், வெளிநாட்டுச் சாமான் இறங்குவதே அப்போது அரிது.

"நானே கட்டிடுறேங்க" என்றார் ஆண்டியப்பன், தோட்டத்துத் துரையிடம்.

வெல்டிங் பெட்டியும் ஒரு டிரான்ஸ்போர்மர்தான். கரண்டின் வேகத்தைக் குறைத்து அளவைப் பல மடங்கு பெருக்கும். அந்தப் பெருக்கில் இரும்பே உருகும். அதற்குத் தடித்த செம்பும் நிறைய மெல்லிய இரும்புத் தகடுகளும் வேண்டும். அட்டன் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பார்த்தார். சின்னச் சின்ன மோட்டார்கள்தான் கிடைத்தன. அவருக்கு வேண்டியதெல்லாம் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது.

முதலில் அழகனின் மனைவி ராக்காயியின் வீட்டுக்குப் போனார்.

"அந்த இரும்பைப் பிரிக்கலாம்னு இருக்கேன், தங்கச்சி. உனக்குச் சங்கடம்னா வேணாம்."

ராக்காயி கூடைக் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள்: "இரும்பு என்னண்ணே செஞ்சிச்சு? எடுத்துக்கங்க."

சூலத்தைப் பிடுங்கி ஓரமாகச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினார். கரிபிடித்த தகடுகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, வார்னிஷ் பூசி, வெயில் கண்டபோதெல்லாம் காயவைத்தார். உருப்படியாகக் கிடைத்த செம்புப் பட்டைகளை நிமிர்த்திப் பருத்தி நாடா சுற்றினார். முதலில் மெல்லிய கம்பியைச் சில சுற்றுப் போட்டு மீட்டரில் பார்த்து, செம்புக்கு எத்தனை சுற்று என்று முடிவு செய்தார். எல்லாம் சரியாகத்தான் வந்தது. நகக்கண்ணில் ஏறிய கரி மட்டும் போகவில்லை. சோற்றைப் பிசையும்போது அந்த எண்ணெய் வாடை வந்தது. லொறியில் அவர் மடியிலிருந்து வந்த அதே வாடை. அதன் பிறகு கரண்டியால் சாப்பிட்டார்.

பெட்டிக்குக் கரண்டு கொடுத்த அன்று, மூடிய வாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஒரு முனகல் எழுந்தது. சல்லடை அறையிலிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"ஐயையோ, அழகண்ணன் பாடுறாரு!"

"தகடு அதிருது புள்ள. எல்லா டிரான்ஸ்போர்மரும் இப்படித்தான் இரையும்" என்றார் ஆண்டியப்பன்.

யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் சல்லடை அறை பாதி காலியாகக் கிடந்தது.

செய்தி கொழுந்து பறிக்கிற மலைக்கு எட்டியது. மத்தியானம் கொழுந்தை எடை போட்ட கையோடு ராக்காயி வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"போடுங்கண்ணே, கேக்குறேன்."

போட்டார். அவள் பெட்டியருகே குந்தி, காதைச் சாய்த்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்திருந்தது. அது அவராகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருக்கிறாள். கேட்கக் கேட்க அந்த முகம் வாடியது.

"இது அவரு இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"அவரு நடுவுல மூச்செடுக்க நிறுத்துவாருண்ணே. இது நிறுத்தவே மாட்டேங்குதே."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பெண்டாட்டி சொன்ன பிறகு மற்றவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை ஆண்டியப்பன் தனியாக நின்று, மறுபடி பிளந்திருந்த டிரையர் தகட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். பெட்டியின் இரைச்சல் நின்றது. ஒரு மூச்சு எடுக்கும் நேரம். மறுபடி தொடங்கியது. தலைக்கு மேலே எரிந்த பல்பு இமைக்கக்கூட இல்லை. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். கம்பிகளை இழுத்துப் பார்த்தார். தகடுகளுக்கிடையே மர ஆப்பு அடித்து, போல்ட்டுகளை இறுக்கினார். அடுத்த வேலையிலும் நின்றது. அதற்கடுத்ததிலும் நின்றது. பக்கத்தில் யாராவது இருந்தால் மட்டும் ஒரே சீராக ஓடியது.

அறுபத்தைந்தில் ராக்காயி கடல் கடந்து, துறையூர்ப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போக முடிவு செய்து, சொல்லிக்கொள்ள வந்தாள்.

"அந்தப் பெட்டி ஓடுதாண்ணே?"

"ஓடுது."

அவர் குரல் அவளுக்குச் சரியாகப் படவில்லை. "என்னண்ணே?"

பொய் சொல்ல நினைத்தும் ஆண்டியப்பனுக்கு வாய் வரவில்லை. "நடுவுல நிறுத்துது, தங்கச்சி. நீ வந்து கேட்டுட்டுப் போன மறுநாள்லேருந்து."

ராக்காயி பெட்டியைப் பார்த்தாள். போடச் சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

"அப்ப உங்களத்தான் தேடி வந்திருக்காரு. இருக்கட்டும். தனியா விட்ராதீங்க" என்றாள். திரும்பிப் பாராமல் இறங்கிப் போனாள்.

அதன் பிறகு அவர் கோளாறு தேடவில்லை. பெட்டியை வேறு யாரையும் தொடவிடவில்லை. போடுவதற்கு முன், "ஆரம்பிப்பமா?" என்று கேட்பார், கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். இயந்திரத்துக்குப் பயப்படுவதை நிறுத்தியிருந்த பெண்கள் இப்போது அவருக்குப் பயந்து, பட்டறையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடிக்குள், கையில் வெல்டிங் கம்பியோடு, சில நேரம் வேலை செய்யாமல் அப்படியே நிற்பார்.