குப்பைமேனியும் கல்லுப்பும்

மண்டபம் ஊரில் என் பின்வீட்டுக்காரி கடலில் இறங்கிப் பாசி எடுப்பவள். இடுப்பளவு தண்ணீரில் ஐந்தாறு மணி நேரம் நிற்பாள். ஈரத்துணி உடம்பிலேயே காயும். சென்ற மாதம் பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் வந்து, ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், கடைக்காரர் ஆண் என்பதால், “கால்ல சேத்துப்புண்ணு” என்று சொல்லி மருந்து கேட்டிருக்கிறாள். அவரும் சேற்றுப்புண்ணுக்கு உரியதைச் சொன்னார்: குப்பைமேனி இலையைக் கல்லுப்போடு அரைத்துப் பூசு. பூசினாள், காலில் அல்ல.

உட்கார முடியாமல் என் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

“ஏத்தா, வேப்பிலையோ மாசிக்காயோ, எடத்தைச் சொன்னாத்தானடி மருந்து?”

“ஆம்பளகிட்ட எப்படிக்கா சொல்றது? நீங்கன்னா சொல்லுவீகளா?”

“சொல்லுவேன்.”

சுகாதாரத் துறையில் முப்பது ஆண்டு கோப்பு பார்த்தவள் நான். எந்தச் சீட்டு எங்கே போகும் என்பது மனப்பாடம். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாளில் அமாவாசை. நீர் வற்றும் அந்த ஒரு வாரம்தான் பாசிக்கு ஏற்ற நாட்கள். அதற்குள் ஆறிவிட வேண்டும் என்பது அவள் கவலை.

“மகளிர் பிரிவுன்னு சொல்லு, போதும்” என்று சீட்டு வரிசையில் நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். தோல் பிரிவுச் சீட்டோடு வந்தாள்.

“பின்னால நம்மூரு ஆளுக நின்னாகக்கா. சேத்துப்புண்ணுன்னுட்டேன்.”

தோல் மருத்துவர் என் மகன் வயதுப் பையன். குனிந்து பாதத்தைப் பார்த்தார். “காலு நல்லாத்தானம்மா இருக்கு?” அவள் என்னைப் பார்த்தாள். சொல்லுவேன் என்றவள் ஆயிற்றே நான். “பொம்பளைங்க விஷயம் சார்” என்றேன். அவர் நிம்மதியாகச் சீட்டை மாற்றிக் கொடுத்தார். பணியில் இருந்தபோது என் விடுப்பு விண்ணப்பங்களிலும் ‘உடல்நலக் குறைவு’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மகளிர் பிரிவில் நேரம் முடிந்திருந்தது. “அவசரம்னாத்தான் பாப்பாங்க. என்ன செய்யுது?” என்றார் நர்ஸ். வராந்தா நிறைய கூட்டம். நான் விதிமுறையை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“புள்ள பெத்த எடத்துல புண்ணு சிஸ்டர். குப்பைமேனியும் உப்பும் வச்சு வெந்துபோச்சு.”

“உள்ள வா” என்றார் நர்ஸ்.

மாத்திரையும் களிம்பும் கொடுத்து, பத்து நாள் கடலில் இறங்கக் கூடாது என்று பெண் மருத்துவர் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் விடியலில் தெருவில் பாசிக்காரிகளை ஏற்றும் வேனின் ஹாரன் கேட்டு ஓடினேன். சாக்கும் தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியுமாக ஏறிக்கொண்டிருந்தாள்.

“பத்து நாளுன்னாங்களேடி!”

“எரிச்சல் கொறஞ்சிருச்சுக்கா. வந்து பூசிக்கிறேன்” என்றாள், பக்கத்துப் பெண்களுக்கும் கேட்கும்படியாகவே.