பெட்டிக்குள் போகவிருந்த என் இங்கிலீஷ்

சிவகாசியில் நாங்கள் யாரும் எழுதிப் படிக்க நோட்டு வாங்குவதில்லை. அச்சில் வீணான பட்டாசுப் பெட்டி அட்டைக்குப் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது?

நானும் அப்படித்தான் பத்து அட்டைகளில் எழுதி வைத்திருந்தேன். 'அஃப்ரெய்டு' வந்தால் பின்னாலேயே 'ஆஃப்' வரும், 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்' வரும். நாளைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் டெஸ்ட்.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், பெட்டிக் கம்பெனியில் நான் கணக்கு எழுதும் மேஜையில் அட்டைகளைக் காணோம். முன்பக்கம் அதே ராக்கெட் படம்தானே, நல்ல அட்டைக் கட்டோடு சேர்த்துப் பெட்டி ஒட்டக் கொண்டுபோய்விட்டார்கள்.

நாலு மணிக்கு லோடு கிளம்பிவிடும். வாங்குகிறவர் பெட்டியைத் திறந்தால் உள்ளே என் கையெழுத்து. முதலாளிக்கு எந்த மொழியில் பதில் சொல்வது?

ஓடினேன்.

பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த முத்துமாரி அக்கா நிமிர்ந்தார். "என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்க ஓடி வாரீக?"

"அக்கா, பின்னாடி எழுதுன அட்டை..."

"அதையா ஒட்டுவோம்? அந்தா இருக்கு பாருங்க."

பத்தும் பசை வாளிக்குப் பின்னால் சுவரோரம் வரிசையாக நின்றன. போன உயிர் திரும்பி வந்தது. எடுக்கக் கை நீட்டினேன்.

"இருங்க தம்பி, எங்களுக்குப் படிக்க இன்னும் மூணு அட்டை பாக்கி. டிபெண்டுக்கு என்ன வரும், சொல்லுங்க பாப்போம்."

ஓடிவந்த பதற்றத்தில் எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. ஒட்டும் மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "ஆன்!"

அட்டைகள் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. நாளைக்கு டெஸ்ட்டுக்கு நான் போகட்டுமா, அக்காவை அனுப்பட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.