கோர்ட்டில் துளிர்த்த வேலிக்கம்பு

எங்கள் மலையில் குற்றம் என்றால் பெரும்பாலும் வேலிதான். ஒரு முழம் தள்ளிக் கம்பு ஊன்றினால் போதும், போலீஸ் ஜீப் மேடேறி வந்துவிடும்.

என் அண்ணனும் தம்பியும் அப்படித்தான் மாட்டினார்கள், கிறுக்குப் பயல்கள். ஸ்ரீமதுரைப் பக்கம் அப்பா விட்டுப்போன தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வேலி போடும்போது பேச்சு முற்றியது. ஊன்றுவதற்கு வெட்டி வைத்திருந்த சீமைக்கொன்னைக் கம்பாலேயே அண்ணன் தம்பியின் தோளில் போட்டான். எலும்பு விரிசல் விட்டது. தம்பி நேரே போய்ப் புகார் கொடுத்துவிட்டான். தண்டனையானால் அண்ணனுக்கு ஃபேக்டரி வேலை போய்விடும். அந்தச் சம்பளத்தில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது. சமாதானமாகப் போங்கடா என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இரண்டு பேர் வாயிலும் கொழுக்கட்டை.

மழைக்காலம் கழிந்து வழக்கு விசாரணைக்கு வந்தது. அன்று ஜன்னல் வழியே மூடுபனி கோர்ட்டுக்குள் நுழைந்து பெஞ்சுகளையெல்லாம் பாதி மறைத்திருந்தது. தூக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது எனக்கு. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஏட்டு கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடக் கடவுளே! கம்பு முழுக்க இலை. நடுவில் அரக்கு முத்திரை வைத்த அட்டை ஆடுகிறது, அடியில் வேர் தொங்குகிறது, நடந்து வந்த வழியெல்லாம் மண்.

"ரொம்ப நீளமுங்க ஐயா, ரூமுக்குள்ள வெக்க முடியல. பின்னாடி ஈரத்துல சாத்தி வெச்சமுங்க. வேர் புடிச்சிருச்சு" என்றார் ஏட்டு.

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களை அடிச்ச கம்பு இதுதானா?" என்று தம்பியைக் கேட்டார்.

தம்பி ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தான். கூண்டில் நின்ற அண்ணனைப் பார்த்தான்.

"இல்லீங்க. என்னைய அடிச்சது வெட்டிப்போட்ட கம்புங்க. இது உசுரோட இருக்குதுங்களே."

வழக்கு அதோடு விழுந்தது. வராந்தாவுக்கு வந்ததும் அண்ணன் தம்பியின் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"இன்னும் வலிக்குதாடா?" அடித்த நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்லண்ணா. மழை பெஞ்சா மட்டுந்தான்."

வெளியே அப்போது தூறிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதான்.