அக்காவை மழைக்குள் கொண்டுபோன கோடை

எங்கள் அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். டென்மார்க்கின் பிராண்டேயில் கண் மூடினார். முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்கு அவரை முதலாவது ஊரிலிருந்தே தெரியும். பலருக்கு இரண்டாவது ஊரில்தான் பழக்கம். இரண்டு இடத்திலும் அவருடைய நிழலில் வாழ்ந்த தம்பி என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஐயா இறந்தபோது அக்கா இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அதன்பின் அம்மாவோடு தையல் இயந்திரத்தைப் பங்குபோட்டுக்கொண்டார். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர்தான். அத்தானைத் திருமணம் செய்து டென்மார்க் வந்ததும் மொழி படித்தார்; பிறகு முதியோர் பராமரிப்புப் படித்தார். காரோட்டப் பரீட்சையில் இரண்டு தரம் தவறினார். சித்தியடைந்த அன்றே, பின்னால் வந்து நான் குடியிருந்த தூரத்து ஓல்போர்க் வரை தனியாக ஓட்டிக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினார்.

"என்னக்கா, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான். தேத்தண்ணி போடு, உடன போகவேணும்."

இதுதான் அக்கா.

விறைக்கும் காலைகளில் வீடு வீடாகப் போய், வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் வேலையைப் பல வருடங்கள் செய்தார். சென்ற வருடம் வசந்தத்தில், அக்காவின் நோய்க்கு இனிச் சிகிச்சை பயன் தராது என்று மருத்துவர்கள் சொன்னபோது, அவரையே குளிப்பாட்ட, கொம்யூன் எனப்படும் நகரசபை ஆளனுப்பியது. வந்தவர் அக்காவோடு வேலை செய்த பெண். தண்ணீரின் சூட்டைக் கையால் பார்த்துக்கொண்டே அவர் அழுதார். அக்காதான் அவரைத் தேற்றினார்.

"வெயில் வரட்டும், கட்டிலைத் தோட்டத்தில போடுங்கோ" என்பதுதான் அக்கா கேட்டது. அந்தக் கோடையில் வெயில் வரவேயில்லை. ஜூனிலும் வீட்டைச் சூடாக்க ரேடியேற்றர் போட்டிருந்தோம். விடுமுறை எடுத்துக்கொண்டு நானும் வந்துவிட்டேன். கட்டிலை வரவேற்பறை யன்னலோரம் போட்டோம். அக்காவின் மகள் மதுரா அதே அறையில் இருந்து வாய்மொழிப் பரீட்சைக்கு உரத்துப் படிப்பாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அத்தான், கூரைத் தண்ணீர்ப் பீலியைத் திருத்தினார், கதவுப் பிடியை மாற்றினார், கழன்று விழாத ஆணிகளையும் இறுக்கினார். நான் கஞ்சி வைத்தேன். அக்கா இரண்டு கரண்டியோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மதுரா உயர்பள்ளிப் படிப்பில் சித்தியடைந்தாள். இங்கே பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி அணிந்து, லொறியில் ஏறி, வகுப்பிலுள்ள ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவார்கள். அவர்களைத் தோட்டத்தில் வரவேற்கவேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். நாங்கள் கூடாரம் அடித்தோம். காற்று அதைப் பக்கத்து வீட்டு வேலியில் கொண்டுபோய்ப் போட்டது. அக்கா கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல நானும் அத்தானும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ரோல்ஸ் பொரித்தோம்.

லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தபோது கொட்டும் மழை. அக்காவைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை கொண்டுவந்திருந்தோம்.

"என்னை வெளிய கொண்டுபோங்கோ" என்றார்.

"வேண்டாமப்பா, கடும் குளிர். காய்ச்சல் வந்திடும்" என்றார் அத்தான்.

"வந்தா வரட்டும். இனிப் புதுசா எனக்கு என்ன வரப்போகுது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நனைந்தபடி ஓடிவந்த மதுராதான் நாற்காலியின் பிரேக்கை எடுத்தாள்.

"வாங்கோ அம்மா."

அக்காவைக் கண்டதும் பிள்ளைகளின் பாட்டு நின்றுவிட்டது. அக்கா டேனிஷில், "ஏன் நிப்பாட்டிட்டீங்கள்? பாடுங்கோ" என்றார். பாடினார்கள். மழையில் ஊறிய ரோல்ஸை ஒருவர் விடாமல் சாப்பிட்டார்கள். அத்தான் பிடித்த குடையைக் காற்று மடக்கிவிட்டது. அதைப் பார்த்து அக்கா சிரித்தார். லொறி புறப்படும்போது மதுரா, தான் போகாமல் வீட்டில் நிற்பதாகச் சொன்னாள்.

"போ பிள்ளை" என்றார் அக்கா. "அடுத்த வீட்டிலையும் ஒரு தாய் பாத்துக்கொண்டு நிப்பாள்."

அவள் போனாள். லொறி தெருமுனையில் திரும்பும்வரை எங்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

சில நாட்களில் காய்ச்சல் கண்டது, பிறகு விடவேயில்லை. நோயின் போக்கு இதுதான், மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அக்கா விழிக்கும்போதெல்லாம், "இண்டைக்கும் மழையோ?" என்று கேட்பார். ஒருநாள் மனம் பொறுக்காமல், "இல்லையக்கா, நல்ல வெயில்" என்றேன்.

"பொய் சொல்லாத. கூரையில கேக்குது."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, மதுரா கையைப் பிடித்திருக்க, அத்தான் கால்களைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருக்க, மூச்சு அடங்கியது. அத்தான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான்தான் அவருடைய கைகளைப் பிடித்து நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து பராமரித்த தாதிமாருக்கும், கூடாரத்தை வேலியிலிருந்து எடுத்துத் தந்ததோடு நில்லாமல் மாதக்கணக்கில் எங்கள் புல்லையும் வெட்டிய அயலவருக்கும், தலைநகருக்கு அருகே புரொண்பியிலிருந்து சமைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த உறவுகளுக்கும், நனைந்த அந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஓர் உதவி கேட்கவேண்டியிருக்கிறது. அத்தானும் இதை வாசிப்பார் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். உங்களோடு தனியே கதைக்க நேர்ந்தால் அவர், "மழைக்குள்ள கொண்டுபோனதாலயோ?" என்று கேட்பார். ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மருத்துவர் சொல்லிவிட்டார், மதுரா சொல்லிவிட்டாள், நானும் சொல்லிவிட்டேன். தயவுசெய்து நீங்களும் ஒருமுறை, இல்லை என்று சொல்லுங்கள்.