மதியத்தில் வாடும் பயிர்

லால்குடியில் எங்கள் வயலின் ஒரு பக்கம் உவர். நெல் போட்டால் வெளிறிப்போகும், கரும்பு போட்டால் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். "குத்தகைக்கு விட்டுட்டு திருச்சி கே.கே. நகர்ல வீடு பார்த்துப் போயிடலாம்" என்று என் கணவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் திருவெறும்பூரில் ஷிப்ட் வேலை. வயலைப் பார்ப்பவள் நான். "ஒரே ஒரு வெள்ளாமை, சர்க்கரைக்கிழங்கு போட்டுப் பார்க்கிறேன். சரியா வரலைன்னா நானே மூட்டையைக் கட்டிடறேன்" என்றேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

வள்ளிக்கிழங்கு இல்லை இது. பீட்ரூட்டுக்குப் பங்காளி, வெள்ளையாக, முள்ளங்கி மாதிரி மண்ணுக்குள் இறங்கும். பிழிந்து சர்க்கரை எடுப்பார்கள். உவரைத் தாங்கும் என்று விதை கொடுத்த சர்க்கரை ஆலைக்காரர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "வெயில் ஏறினா மதியம் இலையெல்லாம் படுத்துடும்மா. பயந்துக்கிட்டு தண்ணி விட்டுடாதீங்க. சாயங்காலம் தானா எழுந்திரிச்சுடும். அப்பவும் எழுந்திரிக்கலைன்னாதான் தண்ணி. ஈரம் தேங்கினா கிழங்கு அழுகிடும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்க்க வேண்டியவள் நானல்லவா! தண்ணீர் நின்றால்தான் வயல் என்று பழகிய கண் எனக்கு. உச்சி வெயிலில் போய் நின்றால் இலைகள் நமத்த அப்பளமாகத் தரையோடு கிடக்கும். மோட்டார் ரூம் வரை போவேன், திரும்புவேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது, மறுபடி வயலுக்கு ஓடுவேன். சாயங்காலம் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி விறைப்பாக நிற்கும். "அடிப்பாவி, ஏன்டி என்னை இந்தப் பாடு படுத்தறே" என்று பயிரையே திட்டுவேன்.

கிழங்கு திரளும் சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அன்று என் கணவருக்கு லீவு. "மதியம் வயல் பக்கமே போகாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். போன இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வளையல் அடுக்கும்போதும் நினைப்பெல்லாம் வெயில்மேல்தான். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். சித்ரான்னத்தை இலையில் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். அக்காவுக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் உண்டு.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வயலுக்கு நடந்தேன். தூரத்திலேயே தண்ணீர் பளபளத்தது. பாத்தி முழுக்க நெல் நாற்று நடப்போவது போல் நிரம்பி நின்றது. வரப்பில் அவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய காரியம் சாதித்த முகத்தோடு.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

"எல்லாம் வாடிக் கிடந்துச்சு. பார்த்துட்டு எப்படிப் போறது? மனசு கேக்கலை."

குத்தகைக்கு விடச் சொன்ன மனிதருக்கு மனசு கேட்கவில்லையாம்! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டினார். இருவரும் சேற்றில் நின்று தண்ணீரை வடித்தோம். களிமண், எங்கே வடியும்? கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகி, வயலே புளித்த வாடை அடித்தது.

அறுவடையில் பாதிக்கு மேல் கையோடு பிசுபிசுத்து வந்தது. மேட்டுப் பக்கம் மட்டும் தப்பித்த கிழங்குகள் குண்டுகுண்டாக இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. தேறியதை ஏற்றிக்கொண்டு ஆலை லாரி போன பிறகு சொன்னேன், "சரிங்க, கே.கே. நகர்ல வீடு பாருங்க."

அவர் அழுகிய கிழங்குகளைக் காலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது கணக்குல சேராது. கெடுத்தது நான்தானே. இன்னொரு தடவை போடு." மடியிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து நீட்டினார். "இதை நீயே வச்சுக்க. கேட்டாலும் எனக்குக் குடுக்காதே."